நடுவில் படியாத பனி

மலை ஏறத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை கூடாரத்துக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். வாசலை ஒட்டி வழிகாட்டி, அடுப்போடு மல்லுக்கட்டியபடி. நடுவில் அத்தான், தூக்கப்பைக்குள் மல்லாந்து. உள்மூலையில் எழுத்தர், அக்காவுக்குக் கடிதம் எழுத முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு.

தேதி போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. ராத்திரி முழுக்க விட்ட மூச்சு கூரைத்துணியில் உறைந்து, அவரவர் முகத்துக்கு நேர் மேலே வெள்ளைத் திட்டாகப் படிந்திருந்தது. வழிகாட்டிக்கு ஒன்று. எழுத்தருக்கு ஒன்று. நடுவில் துணி சுத்தமாக இருந்தது.

போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், காற்று கயிறுகளை விண்விண்ணென்று இழுத்துக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய் நெடியும் ஈரக் கம்பளி வாடையும் மூக்கை அடைக்க, இரவெல்லாம் தன் தோளோடு ஒட்டியிருந்த அந்தத் தோள் ஒரு தடவைகூட அசையவில்லை என்பது நினைவுக்கு வந்து எழுத்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறட்டையும் இல்லை. அந்தக் குறட்டையில் ஓடு பெயர்கிறது என்று அக்கா கேலி செய்வாள்.

நேற்று மூடுபனியில் அத்தான் அரைமணி நேரம் காணாமல் போனார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. பிறகு பள்ளத்துப் பக்கமிருந்து, கையுறை இல்லாமல், ஏறி வந்தார். கால் வழுக்கிவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்பும்போது அக்கா சொல்லியிருந்தாள்: “உன்ன நம்பித்தான் அனுப்புறேன். பத்திரமா வீட்டுல கொண்டாந்து சேர்த்துடு.”

வழிகாட்டி தேநீர் ஊற்றினார். கொதிக்கும் தகரக் குவளையை அத்தான் வெறுங்கையால் பொத்திப் பிடித்து ஒரே மடக்காகக் குடித்தார்.

“நாக்கா சார் அது, செருப்புத் தோலா?” என்றார் வழிகாட்டி.

அத்தான் சிரித்தார். சற்றுத் தாமதமாக. மற்ற இருவர் வாயிலும் ஆவி புகைந்தது. அவர் வாயில் இல்லை.

எழுத்தர் பழைய தாளைக் கசக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். ‘அக்கா, வருவது அத்தான் இல்லை. கதவைத் திறக்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய்விடு.’ உறையில் போட்டு ஒட்டினார். ஓரங்களை இரண்டு முறை அழுத்தினார். வெளியே சுமைதூக்கி கீழே இறங்கத் தயாராக நின்றார். வெறுங்காலோடு வாசலில் மண்டியிட்டு அவர் கையில் கொடுத்து, அக்கா கையில்தான் சேரவேண்டும் என்று காதோடு சொன்னார்.

திரும்பினால், பின்னால் அத்தான். பையை மாட்டியிருந்தார்.

“நான் உச்சிக்கு வரல மச்சான். இவரோடயே எறங்கிடுறேன். உங்கக்காவப் பாக்கணும்போல இருக்கு.”

சுமைதூக்கிக்கு முகம் மலர்ந்தது. “அப்ப நீங்களே குடுத்துடுங்க சார். வீட்டுக்குத்தானே போறீங்க.”

கடிதம் கை மாறியது. இருவரும் இறங்கத் தொடங்கினார்கள்.

எழுத்தர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். கயிறு. முடிச்சு. விரல்கள் மடங்கவில்லை. கத்தினார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

சுமைதூக்கி முன்னால், பாதையைப் பார்த்து. பின்னால் அத்தான். கடிதம் சட்டைக்குள். கால்கள் பாறை பாறையாகத் தவறாமல் இறங்கின. தலை மட்டும் முழுதாக முதுகுப் பக்கம் திரும்பி, எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தது.