ஒன்றரைக் கட்டை மிருதங்கம்

"வீல்...!"

மேல் ஸ்தாயியில் எழுந்த அந்தச் சத்தம் சங்கீதம் இல்லை.

அலறல்!

பரமத்தி வேலூர் கல்யாண மண்டபம். காவிரிதாசர் இசை விழாவின் மூன்றாவது நாள்... கடைசி நாள். காலை மணி பத்து பத்து. மேடைக்குப் போகும் படியில் ஒரு கால் வைத்த பாடகி மோகனப்பிரியா, இரண்டாவது காலை வைக்கவில்லை. அப்படியே சரிந்தாள். அலறியது, பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற பெண்.

பாடகியின் தலை கருங்கல் படியில் மோதுவதற்குள் இரண்டு கைகள் அதைத் தாங்கிப் பிடித்தன.

யார் பிடித்தது என்று பிற்பாடு ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பிடித்தவள் சௌந்திரம்.

திருச்செங்கோட்டுக்காரி. வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாக மோகனப்பிரியாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவள். அழைப்பிதழில் பாடகியின் பெயர் இருக்கும், வயலின்காரர் பெயர் இருக்கும், மிருதங்கக்காரர் பெயர் இருக்கும். பந்தல் போட்டவர் பெயர்கூட இருக்கும். அவள் பெயர் இருக்காது. புருஷன் பதினாலு வருடம் முன்னால் சத்தீஸ்கருக்குப் போர்வெல் போடப் போன ரிக் லாரியில் ஏறினான். லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் பிரஷர் குக்கர்தான்.

"ஆம்புலன்ஸ்...! ஆம்புலன்ஸைக் கூப்புடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் விழாச் செயலாளர் நவநீதகிருஷ்ணன். கதர் சட்டை, நெற்றியில் சந்தனம். "அய்யோ சாமி... தாசர் விழாவுல இப்படி ஆகிப்போச்சே!"

ஆம்புலன்ஸ் நாமக்கல்லைப் பார்த்துப் பறந்தது.

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி ஜீப்பிலிருந்து குதித்தாள். இருபத்தைந்தாவது நிமிடம் அவளுடைய செல்போன் அலறியது.

"டாக்டர்... சொல்லுங்க."

"மேடம், நாடி நாப்பதுக்குக் கீழ எறங்கிட்டே இருக்குது. ஏதோ உள்ளே போயிருக்கு. என்னன்னு தெரிஞ்சா காப்பாத்தலாம். தெரியலைன்னா..."

"லேப் ரிப்போர்ட்?"

"ரெண்டு நாள் ஆகும். இவங்களுக்கு ரெண்டு மணி நேரமே கேரண்டி இல்லை!"

போன் அணைந்தது. அறிவுச்செல்வி திரும்பினாள்.

"செக்ரட்டரி சார்! கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"சுக்கு வெந்நீருங்க. எப்பவும் அவங்க ஊட்டுல இருந்து பிளாஸ்க்ல கொண்டாருவாங்க. ஒம்பது மணிக்கு விளக்கேத்தி வெச்சுட்டு, ரூமுக்கு வந்து ஒரு டம்ளர் குடிச்சாங்க. அவ்வளவுதானுங்க."

"அந்த ரூமுக்குள்ள யார் யார் போனாங்கன்னு லிஸ்ட் வேணும்."

லிஸ்ட் வந்தது. சமையல்காரர், பூக்காரி, மைக் செட் ஆள்... ஏழு பேர். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உலுக்கினாள்.

எட்டாவது ஆளை யாரும் கூப்பிடவில்லை. சௌந்திரம் தூண் ஓரமாக, தம்புராவைக் குழந்தை போல மார்பில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

மேடையில் மைக் கரகரத்தது.

"பெரியோர்களே..." நவநீதகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "நாப்பது வருசமா நிக்காத விழாங்க இது. மோகனப்பிரியா அம்மா நல்லபடியா திரும்பி வரோணும்னு தாசரையே வேண்டிக்கிட்டு, இன்னைக்குக் கச்சேரியை என் பையன் சித்தார்த் பாடுவாப்ல."

முன்வரிசையில் சென்னை சபாவிலிருந்து வந்திருந்த மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சித்தார்த்துக்கு இருபத்தாறு வயது. முகம் வெளிறியிருந்தது. "அப்பா... இப்ப வேண்டாம்ப்பா. அவங்க அங்க கெடக்கறப்ப..."

"பாடு! விழா நிக்கக் கூடாது!"

சௌந்திரம் தம்புராவோடு மேடையேறினாள். நவநீதகிருஷ்ணன் கையை வீசினார்.

"ஏம்மா, நீ எதுக்கு? பையன் ஒண்ணரைக் கட்டை. உன்ற தம்புரா அஞ்சுக் கட்டைதானே?"

"எறக்குனா கம்பி தொங்கிருமுங்க..."

"பின்ன என்ன? சுருதிப் பெட்டி போட்டுக்கறோம். நீ ஊட்டுக்குப் போ."

ஊட்டுக்குப் போ.

அவள் மேடையின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். வீட்டில் என்ன இருக்கிறது? குக்கர் இருக்கிறது.

பாடுகிறவரின் குரல் எவ்வளவு உயரம் என்பதைத்தான் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. வயலின் சமாளித்துக்கொள்ளும். மிருதங்கம் சமாளிக்காது. ஐந்துக்குச் செய்த மிருதங்கத்தைத் தலைகீழாக நின்று தட்டினாலும் அது ஒன்றரை பேசாது.

மிருதங்க வித்வான் தங்கசாமி உறையைக் கழற்றினார். ஒரு தட்டுத் தட்டினார்.

'நம்...!'

மேடை ஓரத்தில் சௌந்திரம் சட்டென்று திரும்பினாள்.

ஒன்றரைக் கட்டை!

பிசிறு இல்லாத, அச்சான ஒன்றரைக் கட்டை!

அவள் எட்டிப் பார்த்தாள். உறைக்குள் வேறு மிருதங்கம் இல்லை. ஒன்றே ஒன்றுதான்.

மோகனப்பிரியா பாட வேண்டிய கச்சேரிக்கு... ஆண் குரலுக்கான மிருதங்கம்... காலையிலேயே எப்படிக் கிளம்பி வந்தது?

சௌந்திரம் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவள் நடந்தே யாரும் பார்த்ததில்லை!

"அம்மணி... ஒரு சங்கதி சொல்லோணுமுங்க!"

அறிவுச்செல்வி எரிச்சலாக நிமிர்ந்தாள். "யாரும்மா நீங்க?"

"தம்புராங்க."

"லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே?"

"அது வழக்கமுங்க. அதை விடுங்க. அந்தம்மா பாடமாட்டாங்கன்னு மிருதங்கக்காரருக்கு முன்னாடியே தெரியுமுங்க!"

விஷயத்தை மூன்று மூச்சில் சொல்லி முடித்தாள். அறிவுச்செல்வி நான்காவது மூச்சுக்குக் காத்திருக்கவில்லை. மேடையேறி தங்கசாமியின் தோளைத் தொட்டாள்.

"வித்வான் சார்... ஒண்ணரைக் கட்டை மிருதங்கத்தை எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

தங்கசாமி விழித்தார். "செக்ரட்டரிதானுங்க காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணுனாரு. அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிருச்சு, தம்பி பாடுவாப்ல, ஒண்ணரை எடுத்துட்டு வாங்கன்னாரு. பத்து மணிக்கு உள்ளே நுழையறேன்... அந்தம்மா பட்டுப்புடவையோட படியேறி விழறாங்க. எனக்கும் ஒண்ணும் புரியலீங்க."

"செக்ரட்டரி சார்... கொஞ்சம் கீழே வர்றீங்களா?"

நவநீதகிருஷ்ணன் சந்தனம் வியர்வையில் வழிய வந்தார். "ஆமாங்க, சொன்னேன். தொண்டை சரியில்லைன்னு அந்தம்மாதான் நேத்து சொன்னாங்க."

"இல்லீங்க." சௌந்திரம் ஒரு அடி முன்னால் வந்தாள். "காலைல எட்டு மணிக்கு மேல் ஸ்தாயி பஞ்சமம் வரைக்கும் சாதகம் பண்ணுனாங்க. வெண்கல மணியாட்டம் இருந்துச்சுங்க தொண்டை."

"ஏய்... நீ சும்மா இரு! இன்ஸ்பெக்டரம்மா, நான் அந்த ரூம் பக்கமே போகலீங்க. வேணும்னா யாரை வேணா கேளுங்க!"

"போனீங்க." சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அந்தம்மா விளக்கேத்தப் போனப்ப வந்தீங்க. நான் கீழே உக்காந்து, கண்ணை மூடிச் சுருதி சேத்திக்கிட்டு இருந்தனுங்க. என்ற காலை மிதிச்சீங்க. கண்ணைத் தொறந்தா... உங்க முதுகு."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். சௌந்திரத்தின் இடது கால் கட்டை விரல் நகம் கறுத்து வீங்கியிருந்தது.

"பொய்...! பச்சைப் பொய்! அந்த ரூம்ல ஒரு ஈ காக்காகூட இல்லை!"

அறிவுச்செல்வி மெல்லச் சிரித்தாள்.

"ரூம் பக்கமே போகலை... ஆனா உள்ளே ஆள் இல்லைன்னு மட்டும் தெரியும். ம்?"

நவநீதகிருஷ்ணனின் கை சட்டைப் பையைப் பொத்தியது.

"அப்பா...?" மேடையிலிருந்து சித்தார்த் இறங்கி வந்தான். ஒரே பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா, என்ன போட்டீங்க? சொல்லுங்கப்பா... அவங்க செத்துருவாங்க!"

"சாவாங்கன்னு நெனைக்கலடா..." பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்தார். "சென்னையில இருந்து வந்திருக்காங்க... உன் பாட்டை ஒரு தடவை கேக்கட்டும்னு... தலை சுத்திப் படுத்துக்குவாங்கன்னுதான்..."

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டை வெளியே வந்தது. இருதயத் துடிப்பைக் குறைக்க அவர் தினமும் போடும் மாத்திரை. பதினைந்து குழிகளும் காலி!

அறிவுச்செல்வி போனில் மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுமுனையில் டாக்டர், "போதும் மேடம்! இது போதும்!" என்று கத்தியது சௌந்திரத்துக்கே கேட்டது.

மறுநாள் காலை. நாமக்கல் ஆஸ்பத்திரி.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். சௌந்திரம் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு நர்ஸ் வந்து கேட்டாள்.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

சௌந்திரம் யோசித்தாள். அக்காவா? தோழியா? பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் சேர்ந்து காபி குடித்ததில்லை. அந்த அம்மாளின் பின்னங்கழுத்து மச்சம் தெரியும். எந்த வரிக்கு முன்னால் மூச்சு வாங்குவாள் என்று தெரியும். வேறெதுவும் தெரியாது.

"பின்னாடி உக்காருவனுங்க" என்றாள்.

நர்ஸ் புரியாமல் போய்விட்டாள்.

பத்து மணிக்கு அறிவுச்செல்வி வந்தாள். சௌந்திரத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மோகனப்பிரியா தலையணையில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. நீங்க விளக்கேத்தப் போனப்ப ரூம்ல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லையே."

"நல்லா யோசிங்க..."

"இல்லைங்க. காலியாத்தான் இருந்தது. ரூம்ல நான் மட்டும்தான். வெளியே வந்து கதவைச் சாத்திட்டுப் போனேன்."

அறிவுச்செல்வியின் பேனா நின்றது. சௌந்திரத்தை வாசலோரம் இழுத்து வந்து கிசுகிசுத்தாள். "அம்மா... அந்தாளு எங்ககிட்ட அழுததெல்லாம் கோர்ட்டுல செல்லாது. அவரு ரூமுக்குள்ள போனதைப் பாத்த ஒரே சாட்சி நீங்க. நீங்க அங்க இல்லவே இல்லைன்னு இவங்களே சொன்னா, கேஸ் காலி!"

சௌந்திரம் கட்டிலருகே போனாள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக மோகனப்பிரியாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா... நேத்து தம்புரா எங்கீங்க இருந்துச்சு?"

"ரூம்ல... மூலையில. ஏன்?"

"சத்தம் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுதே. நான் விளக்கேத்தறப்பகூடக் கேட்டுதே. சுத்தமா சேர்ந்திருந்தது."

"அது தானாப் பேசுச்சுங்களா?"

மோகனப்பிரியா எதிரில் நிற்கும் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை, புதிதாக ஒரு ஊரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்கள் கலங்கின. சட்டென்று எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ... ஆமா! இன்ஸ்பெக்டர், எழுதிக்கோங்க! ரூம்ல சுந்தரி இருந்தா! என் சுந்தரி இருந்தா!"

அறிவுச்செல்வி குழம்பினாள். "யாரும்மா அது சுந்தரி?"

"நான்தானுங்க" என்றாள் சௌந்திரம், பிடித்த கையை விடாமல். "நீங்க சௌந்திரம்னே எழுதிக்குங்க அம்மணி. அம்மா பேரை அரைக் கட்டை தள்ளிப் புடிச்சுட்டாங்க... நான் சேத்திக்கறேன்!"