டெலீட் ஆகாத மாமனார்

மாமனார் மாடிப்படியின் அடியில், வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்.

மாப்பிள்ளையைப் பார்த்தும் அவர் வாயே திறக்காமல் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை!

"பின்னாலேயே வந்தேன் சார்... தடுக்கிட்டார்... எட்டிப் பிடிக்கறதுக்குள்ள..."

இன்ஸ்பெக்டரிடம் விம்மிவிட்டு, வராத கண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாடியேறினான்.

அறைக்குள் நுழைந்தான். தாழ்ப்பாள் போட்டான். விம்மல் நின்றது!

கம்ப்யூட்டர் முன்னால் அவனுடைய தம்பி. கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மீதியைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறவன். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. வேலைதான் இல்லை.

"அழிச்சிட்டியாடா?"

"போக மாட்டேங்குதுண்ணா."

"என்னது?!"

"டெலீட் குடுத்தா முடியாதுங்குது. அடம் பிடிக்குது."

மேஜை மேல் சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக ஒரு ஹார்ட் டிஸ்க், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

படியடியில் வைத்த செருப்புகள் அடிக்கடி காணாமல் போகின்றன என்று பெரியவர் அங்கே ஒரு கேமரா மாட்டியிருந்தார். அது பார்ப்பதெல்லாம் இந்த டிஸ்க்கில் பதிவாகும். இன்று காலை செருப்புக்குப் பதிலாக, செருப்பின் சொந்தக்காரரே வந்து விழுந்திருந்தார்.

விழவில்லை. தள்ளப்பட்டார்!

"நாளைலேர்ந்து நீ ஃபேக்டரிப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தவரின் முதுகில் ஒரு கை...

மகா வீரன்! கிழவரை, அதுவும் பின்னாலிருந்து!

அந்த ஃபைல் மட்டும் போலீஸ் கையில் கிடைத்தால் மாப்பிள்ளைக்கு மிச்ச ஆயுள் கம்பிக்குப் பின்னால்தான்.

"டிஸ்க்கைப் பிடுங்கித் தூக்கி எறிஞ்சிடேண்டா!"

"கீழ போலீஸ் நிக்குது. டிஸ்க்கே காணோம்னா முதல்ல உன் சட்டையைத்தான் பிடிப்பான். ஃபைல் மட்டும் இல்லேன்னா கேமரா ரிப்பேர்னு நினைச்சுப்பான். நான் இல்லேன்னா உன் கதி என்னண்ணா?"

"உன் பெருமையை அப்புறம் பேசு. அழி!"

தம்பி விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டான். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. அதில் வெள்ளை எழுத்துகள்.

"இது கமாண்ட் லைன். மௌஸை வச்சுக் கெஞ்சினா கேக்காது. இங்க எழுத்துல உத்தரவு போடணும்."

"போடு!"

"முதல்ல 'அட்ரிப்'. ஃபைலுக்கு இருக்கற பூட்டெல்லாம் கழண்டுடும்... கழண்டுடுச்சு! இப்ப 'டெல்'. கூடவே ஒரு கோடு, ஒரு எஃப். வலுக்கட்டாயமா அழிக்கறது!"

எண்ட்டரைத் தட்டினான்.

இல்லை! இந்த ஃபைலை வேறு ஏதோ ஒன்று உபயோகித்துக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது.

மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"எதுடா உபயோகிக்குது?"

"இரு, கேக்கறேன். 'நெட் ஃபைல்'னு அடிச்சா, யார் திறந்து வச்சிருக்கான்னு சொல்லிடும்... இதோ. 'கெஸ்ட்'டாம்."

"யார்றா அது?"

"யாரும் இல்லண்ணா. கம்ப்யூட்டர் சில நேரம் இப்படித்தான் உளறும்."

"உளறுதா, இல்ல உனக்குத் தெரியலையா?"

"எனக்கா? எனக்கா தெரியாது?" தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பாரு! அந்தக் கெஸ்ட்டைத் துண்டிச்சு விடறேன். விட்ட அடுத்த செகண்ட் அழிக்கறேன். ரெண்டையும் ஒரே வரியில அடிக்கறேன்!"

தட்டினான்.

ஃபைல் போயே போய்விட்டது!

அண்ணன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். துக்க வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"நீ மேதைடா!"

"நான்தான் சொன்னேனே!"

டொக்... டொக்... டொக்!

மாப்பிள்ளை அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

வெளியே இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மனைவி. அழுது வீங்கிய கண்களில் இப்போது அழுகை இல்லை.

"என்னம்மா? என்ன சார்?"

"ஹால்ல படம் பாத்துக்கிட்டு இருந்தோம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ப... படமா?"

"உங்க மாமனார் தினமும் பாப்பாராமே? செருப்புத் திருடன் சிக்கறானான்னு, ஹால் டிவியில போட்டு. மேல இருக்கற டிஸ்க்ல இருந்து டிவிக்கு நேராவே வருதாமே! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது! மாமனார் உட்காரும் ஹாலில் மாப்பிள்ளை என்றைக்குத்தான் உட்கார்ந்தான்? கார்ச் சாவியை எடுக்கக்கூடத் தம்பியைத்தான் அனுப்புவான்.

தம்பியின் முகம் சுண்டிப்போனது. கெஸ்ட் யார் என்று மேதைக்கு இப்போது புரிந்தது!

"நான்தாங்க போட்டேன்," என்றாள் மனைவி. "அப்பாவைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு. உங்க கை வர்ற இடத்துல நிறுத்தி வச்சு, அதைப் பாத்துப் பாத்து அழுதுகிட்டு இருந்தேன். அப்பாவைப் பிடிக்க என்னமா எட்டிருக்கீங்கன்னு..."

மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டான்.

"பிடிக்க... எட்டினேனா?"

"கேமராவுக்குப் பாதிப் படிதான் தெரியுது," என்றார் இன்ஸ்பெக்டர். "மேல என்ன நடந்துதுன்னு அதுல இல்ல. அவர் உருண்டு வர்றார். பின்னாலேயே உங்க கை நீண்டு வருது. நீங்க சொன்ன மாதிரியே! விபத்துன்னு எழுதி முடிச்சுடலாம்னு இருந்தேன். திடீர்னு எங்க கண் முன்னாடியே படம் காணாமப் போச்சு."

அவர் பார்வை கறுப்பு ஜன்னலுக்குப் போனது. அடித்த உத்தரவுகள் எல்லாம் வரிசையாக, வெள்ளை வெளேரென்று நின்றன. மேதை அதை மூட மறந்திருந்தான்!

"ஏன் அழிச்சீங்க?" மனைவியின் குரல் உயர்ந்தது. "சொல்லுங்க! எங்கப்பா சாகற படத்தை ஏன் அழிச்சீங்க?!"

"அது... நீ பாத்தா தாங்க மாட்டியேன்னு..."

"சார்!" தம்பி குதித்து எழுந்தான். "தள்ளினது அண்ணன்தான் சார்! நான் கம்ப்யூட்டரை மட்டும்தான் தொட்டேன்!"

"டேய்!"

பாசமலர்கள்! கட்டிப்பிடித்த சூடுகூட இன்னும் ஆறவில்லை.

மனைவியின் கை மாப்பிள்ளையின் கன்னத்தில் இறங்கியது. பளார்!

இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. அவள் கை வலித்து நிறுத்தும் வரை காத்திருந்துவிட்டு, விலங்கை எடுத்தார்.

"ஏன் சார், அழிச்சதுதான் அழிச்சீங்க... ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அழிச்சிருக்கக் கூடாதா?"