கேபிளின் மறுபாதி

கேபிளை இன்னும் செருகவே இல்லை. அதற்குள் இரண்டாவது வாக்கிடாக்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பேசும் பொத்தானை அழுத்தினால்தான் அது எரியும். மலையுச்சிக் கொட்டகையில் அவளைத் தவிர ஆள் இல்லை. பட்டாளத்து வயர்லெஸ் மெக்கானிக் அவள். சனியன், பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு தட்டுத் தட்டினாள். அணைந்தது. உருகிய ஈயத்தின் நெடியும், தகரக் கூரையில் சொட்டும் நீரின் சத்தமும், ஜன்னலை அடைத்து நின்ற மூடுபனியுமாக மத்தியானமே சாயங்காலம்போல் இருண்டு கிடந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ரோந்து போன அவளுடைய தம்பி பனியில் வழி தெரியாமல் நிற்கிறான். இந்தப் பக்கம் அடிவாரத்தில் முகாம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டாது. அதற்குத்தான் இந்தக் கேபிள். ஒரு செட்டின் காதை இன்னொரு செட்டின் வாயோடு கட்டிவிட்டால், முகாம் சொல்வது இரண்டாவது செட் வழியாகத் தானாகத் தம்பிக்குப் போய்ச் சேரும். பாதை பிரியும் இடத்தில் வலது பக்கம் வந்தால் கொட்டகை. இடது பக்கம் கிடுகிடு பள்ளம்.

செருகினாள். முகாம் அதிகாரியின் குரல் வந்தது.

"கேபிள் வேலை செய்யுது. நீ இறங்கிடும்மா. பொழுது சாஞ்சா அங்க யாரும் தங்கறதில்ல."

"அவன் வராம நான் நகர மாட்டேன் சார்."

சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அடுத்து தம்பியின் குரல்.

"சரிக்கா. இடது பக்கமே வர்றேன்."

பொத்தானை அழுத்தினாள். "இடது பக்கம்னு யாருடா சொன்னது?"

"நீதான். 'தம்பி, இடது பக்கம் வா'ன்னு இப்பதானே சொன்ன?"

தம்பி. அவன் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

குறடை எடுத்துக் கேபிளை நடுவில் வெட்டினாள். விளக்கு மறுபடி எரிந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம். யார் வீட்டுப் பிள்ளையை யார் கூப்பிடுவது?

"டேய் எருமை, தம்பின்னு கூப்பிடுறது நான் இல்ல. எருமைன்னு சொன்னா மட்டும் கேளு. வலது பக்கம் வா."

அந்தப் பக்கம் சிரிப்பு. "இதுதான் எங்கக்கா. வர்றேன்."

மூச்சு விட்டாள். மேசையைப் பார்த்தாள். ஈயம். குறடு. கேபிள் துண்டு.

ஒரு துண்டுதான். மற்றதைக் காணோம்.

விளக்கு எரிந்தது. வெகுநேரம் அணையவே இல்லை. அணைந்தபோது தம்பிக்கு மூச்சிரைத்தது.

"எருமை வந்துட்டுதான் இருக்கேன். நீ ஏன்க்கா முன்னாடி இவ்ளோ வேகமா நடக்குற? கொஞ்சம் நில்லேன்."

கதவை உதைத்துத் திறந்து குறடோடு வெளியே ஓடினாள். பனி ஒரு கணம் விலகியது. கீழே அவனுடைய டார்ச் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் அவளுடைய பின்னல். அவள் போட்டிருக்கும் அதே சாம்பல் ஸ்வெட்டர்.

"டேய் எருமை, நில்லுடா."

தொண்டை கிழியக் கத்தினாள். டார்ச் நின்றது. அவள் நிற்கவில்லை, குறடை இறுகப் பிடித்தபடி இறங்கினாள்.

அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அதுவும் நின்றது. மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கேபிளின் மறுபாதி தொங்கிக்கொண்டிருந்தது.