கூரை நகரும் அறை

கட்டி முடித்த மறுநாள் காலையில் அறைக்குள் பனி பெய்திருந்தது.

கதவைத் திறந்ததும் முதலில் அதை உணர்ந்தது அவன் பாதம்தான். சிமெண்டுத் தரை ஈரமாகச் சில்லிட்டது. தொலைநோக்கியைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையின்மேல், விடிகாலைப் புல்லில் கிடப்பதைப் போல, பொடிப்பொடியாகச் சீரான நீர்த்துளிகள். அண்ணாந்து பார்த்தான். தகரக் கூரை சுவரோடு சுவராக மூடியிருந்தது. மூலைக்கொரு கொக்கியும் மாட்டியது மாட்டியபடியே இருந்தது. மழை பெய்யவில்லை. ஒழுகல் என்றால் ஓரிடத்தில் சொட்டியிருக்கும், சுவரில் தாரை விழுந்திருக்கும். இது அப்படியில்லை. இரவெல்லாம் திறந்த வானத்தின் கீழே கிடந்த பொருளின் ஈரம் இது.

அவன் கண்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பகலெல்லாம் மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கண்ணாடி தேய்த்துக் கொடுத்துவிட்டு, இரவில் தன் கண்ணுக்காக அந்தத் தொலைநோக்கியை மொட்டைமாடிக்குச் சுமந்துகொண்டு போவான். இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு நாளில் மனைவிதான் சொன்னாள்: "பின்பக்கம் சும்மா கிடக்கிற இடத்துல ஒரு ரூம் போட்டுக்குங்களேன். மாடிப்படியில விழுந்து வச்சீங்கன்னா நான்தானே பாக்கணும்?"

மனைவியின் தம்பி வெல்டர். அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் உயிரைக் கொடுப்பவன். அவனும் மச்சினனுமாகச் சேர்ந்து விடுமுறை நாட்களில் அந்த அறையை எழுப்பினார்கள். நடுவில் தொலைநோக்கிக்கு ஒரு கான்கிரீட் தூண். ஆள் நடந்தால் அதிரக்கூடாது என்பதற்காகத் தரையைத் தொடாமல் சுற்றிலும் இடைவெளி விட்டு, மண்ணுக்குள் ஆழமாக இறக்கியிருந்தார்கள். சுவர்களின் மேல் ஆங்கிள் இரும்பில் தண்டவாளம். பெரிய வீடுகளின் இழுவைக் கேட்டுக்குப் போடுகிற, நடுவில் பள்ளம் விழுந்த சக்கரங்களை வாங்கி வந்து மச்சினன் கூரைச் சட்டத்தில் பொருத்தினான். கொக்கிகளைக் கழற்றித் தள்ளினால், கூரை மொத்தமும் கடகடவென்று பின்னால் உருண்டுபோய் இரண்டு கம்பங்களின்மேல் நிற்கும். அறை வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொள்ளும்.

முதன்முதலாகக் கூரையைத் தள்ளிய மாலையில் மகள் கைதட்டிக் குதித்தாள். "மாமா, நம்ம வீட்டுக்கும் இதே மாதிரி போடு!"

"போட்டுருவோம் பாப்பா. உங்கம்மா திட்டினா, மூடிய சாத்திட்டு உள்ள உக்காந்துக்கலாம்."

பனியைப் பற்றி மச்சினனிடம் சொன்னபோதும் அவன் சிரிக்கத்தான் செய்தான். "நான் பண்ண வண்டி மாமா. ராத்திரியில தானா ஒரு ரவுண்டு போயிட்டு வருது போல."

அவனும் சிரித்தான். ஆனால் அன்று சாயங்காலம் கூரைச் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில், இரண்டின்மேலும் படுகிற மாதிரி சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவைத்தான். காலையில் பார்த்தபோது கோட்டின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு சேரவில்லை. ஒரு நூல் இடைவெளி. நகர்ந்த ஒன்று, பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பி வரத் தவறியிருந்தது.

கொக்கிகள் உள்பக்கம்தான் இருந்தன. கதவுச் சாவி அவன் தலையணைக்கு அடியில் இருந்தது.

அதற்கடுத்த இரவில் சத்தம் கேட்டது. படுக்கையில் விழித்தபடி கிடந்தான். பக்கத்தில் மனைவியின் மூச்சு, அடுத்த அறையில் மின்விசிறியின் கிறீச்சு, தெருமுனையில் ஒரு நாய். நாய் சட்டென்று நின்றது. பிறகு, மிக மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்ற கவனத்தோடு, இரும்பின்மேல் சக்கரம் உருளும் ஓசை. கொஞ்ச தூரம். அப்புறம் அமைதி. அப்புறம் அதே கவனத்தோடு, திரும்பி வரும் ஓசை. எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று மனம் சொன்னது. உடம்பு கேட்கவில்லை. போர்வைக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு விடியும்வரை கிடந்தான்.

மறுநாள் இரவு, வெட்கத்தில்தான், அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தான். கூரையை மூடிக் கொக்கிகளை மாட்டினான். விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். புது சிமெண்டின் வாடையும், சக்கரங்களுக்கு இட்ட கிரீஸின் வாடையும் மெல்ல அடங்கின. வேறொரு வாடை வந்தது. நாக்கில் இரும்பை வைத்ததுபோல மூக்கில் ஏறுகிற குளிர்ந்த வாடை. இருட்டில் தொலைநோக்கி நடுங்க ஆரம்பித்தது. அதன் திருகுகள் கிணுகிணுவென்று சிணுங்கின. தரை அதிரவில்லை. அவன் அசையவில்லை. அந்தத் தூணைத் தொட்டுக்கொண்டிருப்பது பூமி மட்டும்தான். பூமி நிச்சலனமாக இருந்தது. நடுக்கம் மேலிருந்து இறங்கியது.

ஒரு கொக்கி கழன்றது.

இன்னொன்று.

மீதிக் கொக்கிகளும் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டு, சத்தம் வராமல் சுவரோரமாகத் தொங்கவிடப்பட்டன. கூரை நகர்ந்தது. ஒரு சாண்தான். நகர்ந்து நின்றது. அந்தச் சாண் அகலத்தில் வானம் தெரியவேண்டும். உள்ளே வரும்போது அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தான். உப்பை வாரி இறைத்ததுபோல நட்சத்திரங்கள் கிடந்தன. இப்போது அந்தச் சந்தில் ஒன்றுகூட இல்லை. மேகத்தின் சாம்பல் நிறமும் இல்லை. அது வெறும் கறுப்பு. கிட்டத்தில் இருந்தது. கூரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

அடுப்பில் வைத்த பாத்திரத்தின் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறவர்களைப் போல, அது பார்த்தது. பிறகு மூடியது. கொக்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டன.

ஸ்டூலின் கீழே ஈரமாக இருந்தது. அது பனியில்லை.

காலையில் மச்சினனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவன் சிரிக்கவில்லை. "பேய் பிசாசெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. இரும்பைப் பத்தித்தான் தெரியும். கூரையைச் சுவர்மேல இருக்கிற இரும்போட சேத்து வெல்டு பத்தவச்சிட்டா அது எப்படி நகரும்? சாயங்காலம் வர்றேன்," என்றான்.

"வேணாம் மாப்ளே. பேசாம இடிச்சிருவோம்."

"நம்ம கையால கட்டினது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதுக்கு இடிக்கிறதா?"

இருட்டும் நேரத்தில்தான் மச்சினனால் வரமுடிந்தது. வெல்டிங் மிஷினை உள்ளே இழுத்துவைத்தான். மகள் கதவருகே வந்து எட்டிப்பார்த்தாள். "உள்ள வராத பாப்பா, இந்த வெளிச்சத்தைப் பாத்தா கண்ணு போயிடும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

மூவரும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நீல வெளிச்சம் பளிச்பளிச்சென்று துடித்தது. வேலை நகர நகர வெளிச்சமும் ஒரு சுவரிலிருந்து அடுத்ததற்குப் போனது. மகள் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தி, விரலிடுக்கால் பார்த்தாள். கடைசி மூலைக்கு வந்தது வெளிச்சம். ஒரு முறை நீளமாக எரிந்தது. அணைந்தது.

மிஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டான் போல," என்றாள் மனைவி. "டீ போடட்டுமா?"

அவன் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான். கதவைத் தட்டினான், மாப்ளே மாப்ளே என்று கத்தினான், கடைசியில் கடப்பாரையால் நெம்பித் தாழைப் பிய்த்தான். உள்ளே புகை. கூரை நான்கு பக்கமும் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஓர் ஊசி நுழையக்கூட இடமில்லை. கடைசி மூலையில் பற்றவைத்த இடம் இன்னும் மங்கலாகச் சிவந்திருந்தது. பாதி எரிந்த வெல்டிங் ராடு தரையில் கிடந்தது. பற்றவைக்க ஏறி நின்ற ஸ்டூலின்மேல் இரண்டு செருப்புகளும் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், நேராக. மச்சினன் இல்லை.

மனைவி உள்ளே வந்து செருப்பைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அதற்குமுன் அவன் யாரிடமும் கேட்டதில்லை.

போலீஸ் வந்தது. கூரையைத் தட்டிப் பார்த்தது, தூணைச் சுற்றித் தோண்டிப் பார்த்தது, அவனை உட்காரவைத்து ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டது. கடைசியில், வயசுப் பையன், யார் கண்ணிலும் படாமல் வெளியேறி எங்கோ போயிருப்பான், வருவான் என்று சொல்லிவிட்டுப் போனது. மனைவி சாப்பிடுவதை நிறுத்தினாள். மகள் மட்டும், மாமா எப்போது வரும் என்று தினமும் ஒரு தடவை கேட்டாள்.

அறையை இடிக்க அவனுக்குக் கை வரவில்லை. மச்சினன் திரும்பி வருவதாக இருந்தால் வேறு எந்த வழியாக வருவான்? ஓர் இரவு உள்ளே போய், செய்வதறியாமல், குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். அதன் வாய் மூடியிருந்தது. அதற்குமேல் பற்றவைத்த கூரை. இருட்டுதான் தெரிந்திருக்கவேண்டும்.

மச்சினன் தெரிந்தான்.

வெகு தொலைவில், சின்னதாக. தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். அவனும் தலைகீழாகத் தெரிந்தான். வெறுங்காலோடு. வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி. சுற்றிலும் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் ஓயாமல் அசைந்தது. கண் வைக்கும் வில்லையைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான். மச்சினன் அங்கேயே இருந்தான். மறுநாளும் இருந்தான். ஆனால் உருவம் கலங்கியிருந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பியதும்தான் தெளிந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் திருப்பவேண்டியிருந்தது. மற்றவர்களின் பார்வையைத் திருத்தியே பிழைக்கிறவனுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மச்சினன் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தான்.

மூடிய கூரையைப் பார்த்துக் கத்தினான். கையால் குத்தினான். தகரம் அதிர்ந்தது. அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் அவள் பின்னாலேயே வந்து கதவருகே நின்றாள். "தினமும் இங்க வந்து யார்கிட்ட பேசறீங்க?"

அவன் விலகி நின்றான். அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து தரையில் சொட்டியது.

"என் தம்பி," என்றாள். பிறகு, "என்னமோ சொல்றான்."

"தெரியும். தலைகீழா இருக்கிறதால ஒண்ணும் புரியல. மூச்சுக்குத் திணறுறான்னு நினைச்சேன்."

"இல்ல. உதட்டைச் சேத்துச் சேத்துப் பிரிக்கிறான்." அவளுடைய உதடுகளும் அதேபோல ஓசையில்லாமல் அசைந்தன. ஒரு முறை. இன்னொரு முறை. "என்னங்க, இவன் நம்மளப் பாக்கல. இந்தப் பக்கமா வேற எதையோ பாக்குறான்." கண்ணை எடுக்காமலே கையை நீட்டிக் காட்டினாள்.

கை நீண்ட திசையில் வீடு இருந்தது.

அவளுடைய உதடுகள் மறுபடியும் சேர்ந்து பிரிந்தன. இந்த முறை ஓசை வந்தது.

"பாப்பா."

ஓடினார்கள். செடித்தொட்டி உருண்டது. சமையலறைக் கதவு. கூடம். மகளின் அறை.

இருந்தாள். கட்டிலில், எப்போதும்போல ஒருக்களித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். மனைவி அப்படியே அவள்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். மின்விசிறி ஓடவில்லை. யார் நிறுத்தினார்கள்? அந்த வாடை. நாக்கில் வைத்த இரும்பு.

தலைக்குமேல், ஒரு சக்கரம்கூட இல்லாத கான்கிரீட் தளத்தில், ஏதோ மிகக் கவனமாக உருண்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவரும் தளமும் சேரும் இடத்தில், அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. அதன் வழியாகக் குளிர்காற்று இறங்கியது.

தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம். வெளியே என்றால் வானத்தின் கீழே.

"கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றான். அவனும் கட்டிலில் பாய்ந்து, மனைவியின் மேலும் மகளின் மேலும் தன் முழு எடையையும் போட்டுப் படுத்தான். இரண்டு கைகளாலும் கட்டிலின் சட்டத்தைப் பற்றினான். கோடு ஒரு சாணானது. அதற்குள் நட்சத்திரம் இல்லை.

மகள் விழிக்கவில்லை. இருவருக்கும் அடியில் அசையாமல் நசுங்கிக் கிடந்தாள். அவளுடைய தலைமுடி மட்டும், ஒவ்வோர் இழையாகத் தலையணையை விட்டு எழுந்து, அவர்கள் முகத்தை உரசிக்கொண்டு, நேராக மேல்நோக்கி நின்றது.