அங்கேயே இருங்க, படகு வருது

ரிசீவரில் ஈரம் இருந்தது. காதில் வைக்கும் பக்கம் இல்லை, பேசுகிற பக்கம். அங்கிருக்கும் பொடித் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, வியர்வை மாதிரி துளிர்த்து நின்றது. க்ளெனிஸ் டோலன் ஒரு டிஷ்யூவை எடுத்துத் துடைத்தாள். டிஷ்யூ பழுப்பாகிவிட்டது. மோந்து பார்த்தாள். ஆற்றுச் சேறு.

குவீன்ஸ்லாந்தின் வடக்கில் மழைக்காலம் வந்துவிட்டால் எதுதான் ஈரமில்லாமல் இருக்கிறது? செருப்பில் பூஞ்சை பூக்கும், உப்பு ஜாடி கல்லாகும், அலமாரியில் தொங்கும் கல்யாண கோட்டுக்குப் பச்சைத் தாடி முளைக்கும், ஊரே சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு வாடையிலும் நனைந்த நாய் வாடையிலும் ஊறிக்கிடக்கும். அதெல்லாம் பழகிய ஈரம். ஆனால் ஷயர் என்கிற உள்ளாட்சி மன்றத்தின் அலுவலகம் இருப்பது மேட்டில், அவள் மேஜை இருப்பது மாடியில். போன வருஷத்துப் பெருவெள்ளம்கூட வாசல் படியைத் தாண்டவில்லை. சேறு எப்படி மாடி ஏறும்? யாரோ கழுவாத கையோடு போன் பேசியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிஷ்யூவைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அவளுக்கு முன்னால் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கிடந்தது. அதில் அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. அலுவலகம் மூடுவதற்குள் அது மரண விசாரணை நீதிபதிக்குப் போயாக வேண்டும். வெள்ளத்தன்று ஷயரின் அவசர எண்ணுக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவு விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது, அதில் சில்வியோ பிரஸ்ஸான் என்பவரின் அழைப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. இவ்வளவுதான் வாசகம்.

நினைவில்லையாம். சில்வியோ கிழவரின் மூன்று அழைப்புகளையும் மூன்று தடவை கேட்டிருந்தாள். கிழவர் மூச்சு வாங்கிய இடம்கூட மனப்பாடம்.

க்ளெனிஸ் ஷயரின் ஆவண அதிகாரி. எந்த ஆவணத்தை எத்தனை காலம் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அத்தனை காலம் காப்பதுதான் அவளுக்குச் சம்பளம். கரையான், பூஞ்சை, புயல், கவுன்சிலர்கள் என்று எல்லாவற்றிடமிருந்தும் காப்பாற்றிக் கொடுத்தவள். இந்த வேலையில் அழிப்பது குற்றமில்லை. காலம் முடிந்ததை அழித்துத்தான் ஆக வேண்டும். தப்பான தலைப்பின் கீழ் அழிப்பதுதான் குற்றம். ஆபத்தில் வந்த அழைப்பு என்றால் அது நிரந்தரம், ஆண்டவனே வந்தாலும் கை வைக்க முடியாது. குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்கும் பொது விசாரணை என்றால் மூன்று மாதம். போன வருஷம் ஒரு மத்தியானம், ஷயரின் தலைமை அதிகாரி டாரில் ஹாக்கின் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் வெள்ளத்தின் அழைப்புகளை முதல் தலைப்பிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினாள். மாற்றியதும், மூன்று மாதக் கெடு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. அவளே பொத்தானை அழுத்தினாள். விதிப்படி.

வெள்ளம் வந்த இரவு கட்டுப்பாட்டு அறையில் போனை எடுத்தவர் டாரில். கிழவரிடம் அவர் சொன்னது இதுதான்: "அங்கேயே இருங்க, படகு வருது." படகு எதுவும் அனுப்பப்படவில்லை. மறந்துபோனாரோ, முடியவில்லையோ, அவருக்கே வெளிச்சம். எண்ணூறடி தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மாடி இருந்தது, கிழவர் முதலிலேயே கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். சொன்ன சொல்லை நம்பி இருந்துவிட்டார்.

பீப்.

க்ளெனிஸ் நிமிர்ந்தாள். அவசர எண்ணில் பேசும்போது, உங்கள் பேச்சு பதிவாகிறது என்று தெரிவிக்க இடையிடையே அடிக்கும் மெல்லிய ஒலி அது. ஆனால் போன் வைத்தபடி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. எல்லாரையும் மழைக்காக முன்னமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. டாரில் மட்டும் தன் அறையிலிருந்து காபிக் கோப்பையோடு வந்தார்.

"என்ன க்ளென், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? இன்னும் போடலையா?"

"டாரில், அந்தப் பொண்ணு இன்னிக்கு வரேன்னு சொல்லியிருக்கா. நெரினா, சில்வியோவோட மக. என் பொண்ணோட படிச்சவ. நேர்ல கேக்கப்போறா."

"வரட்டும். இல்லேன்னு சொல்லு. ஒத்தை வார்த்தை."

"அவ என்ன நெனச்சுட்டிருக்கா தெரியுமா? நம்ம நம்பர ஃபிரிட்ஜ் மேல எழுதி ஒட்டிட்டு வந்தது அவதான். ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டேனோ, அதான் அப்பா கூப்பிடவே முடியலையோன்னு ஒரு வருஷமா செத்துட்டிருக்கா. அந்தக் காகிதம் தண்ணியோட போயிடுச்சு."

டாரில் கோப்பையை வைத்தார். "இத பாரு தாயே. பொத்தான அழுத்தினது யாரு? என் விரலா? பொது ஆவணத்த அழிச்சா என்ன தண்டனைன்னு வருஷா வருஷம் எல்லாருக்கும் பாடம் எடுக்கறது நீதானே. உன் புருஷன் ராஸ் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்ல கெடக்கறான். அவனை யாரு காரோட்டிக் கூட்டிட்டுப் போவா? ஜெயில்லேருந்து நீயா?" சிரித்துவிட்டு அவள் தோளைத் தட்டினார். "போட்டுடு. வீட்டுக்குப் போ."

வெட்கமாக இருந்தது அவளுக்கு. அதைவிடப் பயமாக இருந்தது. வெட்கம் பயத்திடம் தோற்பது இது முதல் தடவையில்லை.

கடைசி நம்பிக்கை ஒன்று மிச்சமிருந்தது. காப்பறையில் பழைய நகல் நாடாக்கள் உண்டு. மாதா மாதம் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியது எழுதப்படுபவை. ஏதாவது ஒன்று தப்பியிருந்தால்? அந்தக் குரல் எங்கேயாவது இருக்க வேண்டும், அவளுக்கு வெளியே எங்கேயாவது. அவ்வளவுதான் வேண்டுதல்.

காப்பறைக்கு ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு, இரும்பு அலமாரிகள், மூலையில் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் ஈரமுறிஞ்சி இயந்திரம். காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்து அடியிலிருக்கும் வாளியில் சொட்டும். தினமும் சாயங்காலம் அந்த வாளியைக் கொட்டுவது க்ளெனிஸின் கடைசி வேலை. எப்போதும் கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது, சேறும் அழுகிய கரும்புச் சோகையும் டீசலும், வெள்ளம் வடிந்த மறுநாள் ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டபோது அடித்த அதே வாடை. குனிந்து வாளியை இழுத்தாள். விளிம்புவரை பழுப்புத் தண்ணீர். மேலே இரண்டு சோகைத் துண்டுகள். கொஞ்சம் நாய் முடி.

காற்றிலிருந்து வந்த தண்ணீரில் நாய் முடி எப்படி வரும்?

அவள் வாளியைத் தொடாமல் நாடாக்களின் பெட்டிக்குப் போனாள். முத்திரை உடையவில்லை. உடைத்தாள். உள்ளே ஒவ்வொரு நாடாவும் நனைந்து உப்பி, விரல் பட்டதும் வெந்த இலை மாதிரி கையோடு வந்தது.

பீப்.

அலமாரிகளுக்கு நடுவிலிருந்து இல்லை. கூரையிலிருந்தும் இல்லை. ரொம்பப் பக்கத்தில். க்ளெனிஸ் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு மேஜைக்கு ஓடிவந்தாள். ராஸின் குரலைக் கேட்டால் போதும் என்று தோன்றியது. வீட்டு எண்ணை அழுத்தினாள். ரிசீவர் மறுபடி ஈரமாக இருந்தது.

"என்னடி, எப்ப வர்ற? வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா," என்றான் ராஸ்.

"சரி. நாய பீரோ மேல ஏத்திட்டேன்," என்றாள் அவள்.

"எந்த நாய்? நமக்கேது நாய்?"

அவள் போனை வைத்தாள். அவள் அதைச் சொல்ல நினைக்கவேயில்லை. சரி என்பது மட்டும்தான் அவளுடையது. மற்றது இரண்டாவது அழைப்பில் கிழவர் சொன்னது. நாக்கு சேறு தின்ற மாதிரி கரகரத்தது. உதட்டைத் துடைத்தாள். கை பழுப்பானது.

பேனாவை எடுத்தாள். போட்டுவிட்டால் முடிந்துவிடும். நினைவில்லை என்று சத்தியம் செய்துவிட்டால் நினைவு போய்விடும், போய்த்தான் ஆக வேண்டும், சட்டப்படி. கையெழுத்தைப் போட்டாள். டாரில் சாட்சிக்குப் போட்டார். பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். மழை சட்டென்று நின்றது. வாடை இல்லை. ஒலி இல்லை. ரிசீவர் காய்ந்து கிடந்தது. க்ளெனிஸுக்குச் சிரிப்புகூட வந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது.

நெரினா பிரஸ்ஸான் பேக்கரி உடுப்போடு வந்திருந்தாள், முழங்கை வரை மாவு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"மிசஸ் டோலன், நான் கேஸ் கீஸ்னு எதுக்கும் வரல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நம்பர நான் தப்பா எழுதிட்டேனா? பப்பா கூப்பிட்டாரா, இல்லையா?"

டாரில் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். க்ளெனிஸ் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒத்தை வார்த்தை. வாயைத் திறந்தாள்.

பீப்.

அது அவள் நெஞ்சுக்குள் அடித்தது. எலும்பில் உணர்ந்தாள்.

"ஹலோ, ஷயர் ஆபீஸா? நல்லாருக்கீங்களா தம்பி? சில்வியோ பேசறேன், ஆத்தோரம் கடைசி வீடு."

ஆண் குரல். முதிய குரல். அவள் வாயிலிருந்து. உதடுகள் அசையவில்லை.

நெரினாவின் கை கவுண்டரைப் பிடித்துக்கொண்டது.

"தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. எனக்கு நீச்சல் வேற தெரியாது. கரும்பு நட்டவனுக்கு எதுக்குத் தம்பி நீச்சல்? பக்கத்து மாடிக்கு இப்பவே போயிடட்டுமா?"

பீப்.

"வேணாம் பெரியவரே. இருட்டுல கால வைக்காதீங்க. அங்கேயே இருங்க, படகு வருது."

டாரிலின் குரல். அதுவும் அவள் வாயிலிருந்து. வாசலில் நின்ற டாரில் வெளுத்தார். பிறகு பாய்ந்து வந்தார். "நிறுத்துடி! நிறுத்து!" அவள் பின்னந்தலையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் வாயைப் பொத்தினார். குரல் நிற்கவில்லை. மங்கவும் இல்லை. அவர் விரல்களின் இடுக்கில் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. குளிர்ந்த தண்ணீர். அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். படியில் தடதடவென்று இறங்கும் சத்தம். வெளியே கார் கிளம்பியது.

"தம்பி, தண்ணி அடுப்பு மட்டம் வந்துடுச்சு. மேஜை மேல நிக்கிறேன். நாய பீரோ மேல ஏத்திட்டேன். படகு கிளம்பிடுச்சுல்ல?"

க்ளெனிஸ் தரையில் கிடந்தாள். எப்போது விழுந்தாள் என்று தெரியவில்லை. மூன்றாவது அழைப்பு வரப்போகிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று கத்தினாள். உள்ளே மட்டும்.

வந்தது. தண்ணீர். நாயின் குரைப்பு. "நெரினா கிட்ட சொல்லுங்க." தண்ணீர். மரம் எதிலோ இடிக்கும் சத்தம். அவள் நுரையீரல் நிறைந்தது. மூச்சு இல்லை. இல்லை. இல்லை. சாகவும் இல்லை. பீப். பீப். நாயும் நின்றுபோனது.

அமைதி.

காற்று உள்ளே வந்தது. இருமினாள். நாக்கு அவளுடையதாக இருந்தது. மன்னிச்சுடும்மா என்று சொல்ல, அந்த ஒன்றை மட்டும் சொல்ல, உயிரையெல்லாம் திரட்டினாள்.

பீப்.

"ஹலோ, ஷயர் ஆபீஸா? நல்லாருக்கீங்களா தம்பி?"

நிரந்தரம். அந்தத் தலைப்பை அவள்தான் முதலில் போட்டிருந்தாள்.

நெரினா கவுண்டரைச் சுற்றி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். கன்னம் முழுக்கக் கண்ணீர். க்ளெனிஸ் கண்களால் கெஞ்சினாள். யாரையாவது கூப்பிடு. மூடு. எதையாவது வைத்து அடை.

"சொல்லுங்க பப்பா," என்றாள் நெரினா. "நான் இங்கதான் இருக்கேன்."

மூட முயன்ற அந்த வாயை, மாவு படிந்த இரண்டு விரல்களால், உடையும் பொருளைப் பிடிப்பதுபோல அத்தனை கவனமாக, அவள் திறந்தே பிடித்துக்கொண்டாள்.