சந்தனம் காய்ந்த நேரம்

1988. ஆயுத பூசைக்கு மறுநாள், காலை எட்டு மணி.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் முந்தின நாள் மாலை கொதிகலன் வெடித்து, அங்கே வேலையிலிருந்த தொழிலாளி அர்ச்சுனன் செத்துப்போனான். சந்தனப் பொட்டு காய்ந்த நான்கு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். பழி அவள் தலையில் விழுந்திருந்தது.

அந்த நான்கும் கேபிளால் இணைந்து, கொதிகலன் அழுத்தத்தைப் பங்கு போட்டுக் கணக்கிடும். ஆபத்து என்றால் கத்தும். ஆனால் "வேகக் கார்டு இல்லை" என்றும் நாளெல்லாம் கத்தித் தொலைக்கும். இங்கிருந்த சாதாரண கேபிளுக்கு, தகவலை வேகமாய் அனுப்பும் அந்தக் கார்டே வேண்டாம். போன வாரம் சொர்ணம் அந்தக் கார்டுச் சத்தத்தை அடைத்தாள். வந்தது வினை.

"சாயந்திரப் பூசையில கற்பூரம் காட்டினதுமே நாலாவது கேபிள் கழண்டிருக்கு சார். கணக்கு நின்னு போச்சு," என்றான் நேற்று காவலிருந்த ஜெயபாலன். "நான் இங்கதான் இருந்தேன். அக்கா சத்தத்த நிறுத்திட்டாங்க, எனக்கு எப்படிலா தெரியும்?"

"எல்லாச் சத்தத்தையும் நிறுத்திட்டியாம்மா?" இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியன் கேட்டார்.

"கார்டு சத்தம் மட்டுந்தான் சார்."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கை தவறி எல்லாவற்றையும் அடைத்திருந்தால்? சோதித்துப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

வெடித்ததும் மின்சாரம் போய் அணைந்த கம்ப்யூட்டர்களில் முதல் மூன்றை மட்டும் ஓடவிட்டு, இன்ஸ்பெக்டர் சட்டென்று மூன்றாவது கேபிளை உருவினார். கம்ப்யூட்டர் வீறிட்டது. சொர்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேபிள் கழண்டா கத்துது. நேத்து ஏன் கத்தல? பொட்டு யாரு வெச்சது?"

"நான்தான். கேபிளும் பெட்டியும் சேர்ற எடத்துல, கெட்டியா வெச்சேன். அது காயறதுக்குள்ளயே வெடிச்சிருச்சு," என்றாள் சொர்ணம்.

அவர் நாலாவது கேபிளைத் தூக்கிக் காட்டினார். "ஈரத்துல கழண்டிருந்தா சந்தனம் இழுகியிருக்கும். இது காய்ஞ்சு, ரெண்டா விண்டிருக்கு. வெடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு யாரோ உருவியிருக்காங்க. ராத்திரி பூராவும் அறைச் சாவி உங்கிட்டதானே, ஜெயபாலா?"

ஜெயபாலன் சட்டைப் பையில் இருந்த சாவியைப் பொத்திக்கொண்டான்.

"வெடிக்கிறப்ப நாலும் ஒழுங்காத்தான் ஓடியிருக்கு. கத்தியும் இருக்கு. நீ எங்க இருந்த?"

"வெளிய கோப்பி குடிச்சிட்டிருந்தேன்…" அவன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "சத்தம் கேட்டுச்சு சார். எப்பவும் கத்துறதுதானேன்னு இருந்துட்டேன். அப்புறம் பயந்து போயி, கேபிள உருவிட்டு, பழிய அக்கா மேல போட்டுட்டேன்."

சொர்ணத்துக்குப் பயம் விட்டு அழுகை வந்தது.

"அந்த வெட்டிச் சத்தத்த நிறுத்தினதே அதுக்குத்தானேடா! இனிமே கத்துனா நெசம்னு உங்கிட்டதானே சொன்னேன்!"