கலங்கலில் பிடித்த கை

தம்பி மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை.

கடலுக்கடியில் யாரும் ரகசியமாக மூச்சு விட முடியாது. சிலிண்டர் காற்று குமிழிகளாகிக் காதை உரசிக்கொண்டு மேலே ஓடும். அக்காவுக்குத் தன்னுடைய குமிழிகள் கேட்டன. பவளப்பாறையின் பொந்துகளுக்குள் சின்னச் சின்ன உயிர்கள் கடுகு வெடிப்பதுபோல் படபடத்துக்கொண்டிருப்பதும் கேட்டது. வாய்க்குள் மூச்சுக்குழாயின் ரப்பர் உப்புக் கரித்தது. ஆனால் அவள் கையைப் பிடித்திருந்தவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவன் வேறு எப்படி இருப்பான்?

சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போவதுதான் அவள் பிழைப்பு. தம்பிக்கு இது முதல் முறை. "அவன் இல்லாம நீ மட்டும் வீட்டுப் பக்கம் வந்துடாத" என்று அம்மா காலையில் சொன்னது விளையாட்டுக்கா, நிஜமாகவா என்று தெரியவில்லை. படகில் அவனும் ஏறக்குறைய அதையேதான் கேட்டான்.

"அக்கா, என் கைய மட்டும் விட்டுடாத."

"நீ விடாம இருடா முதல்ல. தண்ணி கலங்கிட்டா மூஞ்சி தெரியாது. நான் ஒரு தடவ அழுத்தினா, நல்லா இருக்கியான்னு கேக்கறேன். நல்லா இருந்தா நீயும் திருப்பி அழுத்து."

சற்று முன்புதான் ஒரு பெரிய அலை அடிமணலைக் கிளப்பிவிட்டிருந்தது. எங்கும் பாலாய் வெளுத்துப்போனது. அவன் கை நழுவியதும் அவள் பதறித் துழாவினாள். உடனே ஒரு கை வந்து பற்றிக்கொண்டது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

இப்போது அழுத்தினாள். பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆனாலும் குமிழிச் சத்தம் இல்லை. மூச்சை அடக்கியபடி மேலே ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும்; அவன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்தில் இழுத்தாள். கை வந்தது. மணிக்கட்டு வந்தது. முழங்கை வரவில்லை. மறுபடி இழுத்தாள். கை வந்துகொண்டே இருந்தது.

பாறையின் படபடப்பு நின்றுபோயிருந்தது.

கலங்கல் கண்ணை ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உதறிவிடலாமா? ஒருவேளை தம்பியாகவே இருந்துவிட்டால்? விட்டுவிட்டு அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? விடவில்லை. நங்கூரக் கயிறு தட்டுப்பட்டதும் அதைப் பிடித்து மெல்ல ஏறத் தொடங்கினாள், அந்தக் கையோடு.

மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. படகின் அடிப்பாகம் தெரிந்தது. தொங்கும் ஏணி தெரிந்தது. ஏணியில் ஒருவன் தொற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிய முகத்தை நீருக்குள் விட்டு, இங்கும் அங்கும் தேடிக்கொண்டிருந்தான்.

தம்பி.

அவள் கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் கையில் இருந்த கை ஒருமுறை அழுத்தியது. நல்லா இருக்கியா?

அவள் திருப்பி அழுத்தவில்லை.

கை விட்டது. அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போனது. வெளுத்த கை. போய்க்கொண்டே இருந்தது. அதன் மறுமுனை இன்னும் கலங்கலுக்குள்ளேயே இருந்தது.

வேண்டாம். வேண்டாம்டா. வாயில் ரப்பர். கத்த முடியவில்லை. நின்று நிதானமாக ஏற வேண்டும் என்பதையெல்லாம் மறந்து காலை உதைத்தாள். எட்டவில்லை.

மேலே தம்பி கையை நீட்டினான். பற்றியதை அழுத்தினான். பதில் வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா!" தண்ணீருக்குள் குமிழியாக வந்தது குரல்.

இரண்டு கையாலும் அக்காவைத் தூக்கிவிட, அவன் ஏணியை விட்டான்.